அம்மையார் கழுவிய தட்டுகள்

மீனலோசனி அம்மையாரின் வரலாற்றை என் புத்திசாலித்தனத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. சென்னையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நான் கடைநிலை ஊழியன். ஆயுத பூஜைக்கு முதல் நாள் கூடத்தையே துலக்கிவிடக் கிளம்பினேன். அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அம்மையாரின் அலமாரியில் அடுக்கடுக்காகக் கண்ணாடித் தட்டுகள். எல்லாவற்றிலும் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள். அழுக்கு என்று முடிவு கட்டி, வெந்நீரும் சோடா உப்பும் போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். போதாதென்று ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வேறு.

அவை ஒளியைப் பிரித்துப் படம்பிடித்த தட்டுகள்; நான் தேய்த்தழித்த கோடுகள்தான் ஆராய்ச்சியே. பெண்கள் அந்தக் கூடத்து வாசலையே மிதிக்காத காலத்தில் அம்மையார் நான்கு ஆண்டு தவமிருந்து எடுத்தவை. ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். என்னைத் திட்டவில்லை.

"நல்லாத் தேச்சிருக்கீங்க, அய்யாக்கண்ணு" என்றார்.

"பொம்பளைக்கு அடுப்படி போதும்னு சரஸ்வதியே சொல்லிட்டா!" என்று கூடத்தின் தலைவரான பேராசிரியர் சிரித்தார். புதிய தட்டுகள் வாங்கித் தர மறுத்துவிட்டார்.

அடுத்த தை மாதம் அம்மையார் சீர்காழிப் பக்கம் ஒரு சிவன் கோயிலின் கஞ்சிக்கூடத்துக்குப் போனார். தொழுநோயாளர் உண்ட தகரத் தட்டுகளைக் கழுவுவதே அவர் ஏற்ற தொண்டு. வேறு எவரும் அவற்றைத் தொடமாட்டார்கள். விடியலில் பதிகம் ஓதிவிட்டு, சாம்பலும் தேங்காய் நாருமாக உட்காருவார். "எம்.ஏ. கை, நல்லாப் பளபளக்குது!" என்பார் மடைப்பள்ளிக்காரர். அம்மையாரின் உறவினர் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. உலகப் போர்க்காலத்தில் கஞ்சி தண்ணீராயிற்று. சில நாள் அதுவும் இல்லை. வெறுந்தட்டுகளையும் அம்மையார் கழுவியே வைத்தார்.

ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று போய் ஒரே கேள்வியைக் கேட்பேன்: "நீங்க படிப்ப விட்டது என்னாலதானேம்மா?"

"அந்தச் சாம்பலை இப்படித் தள்ளுங்க" என்பார். இருபத்தேழு ஆண்டுகள் சாம்பல் தள்ளினேன்.

கடைசி முறை போனபோது அவர் படுத்திருந்தார். ஒளியை ஆராய்ந்த கண்களில் பார்வை இல்லை. விரலற்ற கையால் விசிறிக்கொண்டிருந்த பொன்னுருவி என்ற நோயாளி சொன்னாள்: "ஈசன் எங்க பந்தியிலதான்யா சாப்புடுறாரு. அவரு தட்டையும் சேத்துத்தான் இவங்க கழுவுனாங்க."

அதற்கு மேல் அம்மையாரைப் புகழ எனக்குத் தமிழ் போதாது. அவர் தாள் வணங்கி, பழைய கேள்வியையே கேட்டேன்.

"ஆமா, உங்களாலதான்" என்றார். "வேற தட்டு கெடைச்சிருந்தா இங்க வந்தே இருக்கமாட்டேன். தெனமும் சாமிகிட்ட, அய்யாக்கண்ணுவ மன்னிச்சுட்டேன்னு சொல்லுவேன். வாய்தான் சொல்லும். நேத்துத்தான் மனசும் சொல்லிச்சு."