சாரங்கபாணியின் கார் முன்னால் போன கதை

வேங்கைமலை நாட்டை ஆண்ட கடம்பராயருக்கு ஒரு டீசல் கார் உயிராக இருந்தது. அடிவாரத்து அரண்மனையில் ஏறி உட்கார்ந்தால் மலை உச்சி மாளிகைவரை மூச்சு வாங்காமல் இழுத்துக்கொண்டு போகும். மூச்சு வாங்கியதெல்லாம் வழியில் நின்றவர்களுக்குத்தான்.

ஒருநாள் காரைச் செய்த கம்பெனியிலிருந்தே ஆள் வந்து, தலையைக் குனிந்தபடி விஷயத்தைச் சொன்னார். இந்த ரகக் காருக்குள் ஒரு தந்திரத்தை வைத்துவிட்டார்களாம். புகைப் பரிசோதனை நடக்கிறது என்று தெரிந்தால் கார் பரம சாதுவாகிவிடும். சாலையில் இறங்கியதும் இஷ்டத்துக்குப் புகை கக்கும். குட்டு வெளிப்பட்டுவிட்டதால், விற்ற கார்களையெல்லாம் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து தருகிறார்கள். சரிசெய்த பிறகு இழுவை கொஞ்சம் குறையலாம். கட்டாயம் ஏதுமில்லை, மகாராஜாவின் விருப்பம்.

மகாராஜாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அவையைக் கூட்டினார்.

தளபதி உக்கிரசேனர் கொடுக்கவே கூடாது என்றார். ராஜாவின் கார் ஏற்றத்தில் முக்கி முனகினால் பக்கத்து நாட்டான் சிரிப்பானாம்.

அடுத்து எழுந்தவர் சாரங்கபாணி. அந்த அவையில் வாயை வைத்தே பிழைத்தவர் அவர். மலைப்பாதையில் கொய்யா விற்கும் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலை பேசுவதைச் சொன்னார். வளைவில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் சுவர்களெல்லாம் கரும்பலகையாகிவிட்டதைச் சொன்னார். பிள்ளைகள் இருமிக்கொண்டே வாய்ப்பாடு சொல்வதை இருமியும் காட்டினார். அவை கண்கலங்கியது. அவருக்கும் கண்கலங்கியது. பேச்சு நன்றாக அமைந்துவிட்டால் அவருக்கு எப்போதும் அப்படித்தான்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அவரிடமும் அதே ரகக் கார் இருந்தது. கம்பெனி அவரை முன்பே அழைத்துப் பல மாதமாகிறது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். ஏற்றத்தில் மற்ற வண்டிகளை முந்திப் பறக்கும் சுகத்தை விட மனம் வரவில்லை. தன் ஒரு காராலா மலை கறுத்துவிடப் போகிறது என்று தனக்குத்தானே வாதாடி, தானே தீர்ப்புச் சொல்லி, தன்னை விடுதலையும் செய்திருந்தார்.

பேச்சைக் கேட்ட மகாராஜா தாடியைத் தடவினார்.

"சாரங்கபாணி, புகை போக வேண்டும். இழுவை இம்மியும் குறையக் கூடாது. நாளை மலைக்குப் போகிறோம். அங்கே வழி சொல்லும். சொல்லாவிட்டால் ஒரு வருஷம் நீர் இந்த அவையில் வாய் திறக்கக் கூடாது."

தலையை வாங்குவேன் என்றிருந்தால்கூட சாரங்கபாணி அவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

வீட்டுக்குப் போய் யோசித்தார். காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்குப் புகை எங்கே தெரியும்? ஒரே ஒரு தடவை மகாராஜா அரண்மனைக் காருக்குப் பின்னால் வேறு வண்டியில் வந்தால் போதும். புகையை முகத்தில் வாங்கியவர் இழுவையைப் பற்றிப் பேசவே மாட்டார். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு தூங்கினார்.

காலையில் அவர் கேட்டுக்கொண்டபடி, மகாராஜா வெள்ளைப் பட்டு உடுத்தித் திறந்த ஜீப்பில் ஏறினார். அரசரின் கார் முன்னால் போவதாக ஏற்பாடு. அப்போது தளபதி மகாராஜாவின் காதருகே குனிந்தார். சாரங்கபாணியிடமும் இதே கார்தானே இருக்கிறது, அதுவே முன்னால் போகட்டுமே என்றார். நல்ல யோசனை என்றார் மகாராஜா.

சாரங்கபாணி மறுக்க ஒரு காரணம் தேடினார். ஊரில் யாருக்குச் சாக்கு வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். அன்று தன் உபயோகத்துக்கு ஒன்றுகூட அகப்படவில்லை.

காரைக் கிளப்பினார். முதல் ஏற்றத்தில் கண்ணாடியில் பார்த்தார். பின்னால் சாலையைக் காணவில்லை. ஜீப்பையும் காணவில்லை. நாலு மழைமேகத்தைச் சுருட்டிக் கயிறு கட்டி இழுத்துவருவதுபோல் இருந்தது. மெதுவாகப் போனால் புகை குறையுமோ என்று மெதுவாகப் போனார். கூடியது. வேகமாகப் போனார். இன்னும் கூடியது. கொய்யா விற்கும் பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நேற்று யாருக்காகக் கண்ணீர் விட்டாரோ அவர்களேதான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உச்சியில் ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து கன்னங்கரேலென்று ஒருவர் இறங்கினார். குரலைக் கேட்ட பிறகுதான் மகாராஜா என்று தெரிந்தது. அவருக்குப் பின்னால் இறங்கிய தளபதியும் கறுத்துத்தான் இருந்தார். சிரித்ததால் பல் மட்டும் தெரிந்தது.

"ஊருக்கெல்லாம் சொன்னீரே. உம்முடைய காரை ஏன் கொடுக்கவில்லை?" என்று கேட்டார் மகாராஜா.

சாரங்கபாணி கைகட்டி நின்றார். மனசுக்குள் ஏழெட்டுப் பொய்கள் வந்து வரிசையில் நின்றன. எதுவும் அந்தக் கறுத்த முகத்துக்கு முன்னால் எடுபடாது.

"மகாராஜா, பரிசோதனை செய்பவர் முன்னால் ஒழுங்காக இருப்பது, சாலைக்குப் போனதும் புகை விடுவது. இந்தப் பழுது காரில் மட்டும் இருக்கிறது என்று நினைத்தேன். நேற்று அவையில் சுத்தமாகப் பேசிவிட்டு, இன்று மலைப்பாதையில் நான் விட்டதைப் பார்த்தீர்கள். கம்பெனிக்காரர் காரை அழைத்துப்போகும்போது என்னையும் சேர்த்து அழைத்துப்போகட்டும்."

மகாராஜாவின் மீசை துடித்தது. கோபமா சிரிப்பா என்று கரியில் தெரியவில்லை. இரண்டு கார்களும் இன்றே போகட்டும் என்று மட்டும் சொன்னார்.

தளபதி விடுவதாக இல்லை. "புகை போகட்டும். இழுவைக்கு வழி? மகாராஜா இரண்டும் கேட்டாரே."

சாரங்கபாணி தளபதியின் தொந்தியைப் பார்த்தார். அதே நியாயத்தோடு தன்னுடையதையும் குனிந்து பார்த்தார்.

"இருக்கிறது மகாராஜா. ஒவ்வொரு தடவையும் மலைக்கு உங்கள் காரில் தளபதியும் நானும் தொற்றிக்கொள்கிறோம். நாங்கள் இருவரும் இறங்கிவிட்டால் கார் முன்பைவிட வேகமாகவே ஏறும்."

மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த சிரிப்பில் கன்னத்துக் கரி உதிர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்படிப்பட்ட யோசனைக்குப் பரிசு தராமல் இருக்க முடியாது என்றார். சாரங்கபாணி மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, கையை நீட்டத் தயாரானார்.

"உங்கள் இருவருக்கும் அரண்மனைச் செலவில் ஆளுக்கொரு ஜோடி செருப்பு," என்றார் மகாராஜா. "தேயத் தேய வாங்கிக்கொள்ளலாம்."