பக்கவாசல் காவல்

ஏசுவடியானுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருக்கு வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் பாக்கியநாதனுக்கு முப்பது. ஊர் கேலி செய்தது. ஏசுவடியான் சட்டை செய்யவில்லை. யாருக்கும் தலைகுனிந்து பழக்கமில்லாத மனிதர் அவர்.

அவருடைய பனைவிளை நிலம் வழக்கில் கைவிட்டுப் போய்விட்டது. பக்கத்து வீட்டு மாசிலாமணி கூண்டில் ஏறி, ஆண்டவர்மேல் சத்தியம் செய்து, வாய்கூசாமல் பொய் சொல்லி அதை வாங்கிக்கொண்டார். தீர்ப்பு வந்த அன்று கோர்ட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை ஏசுவடியான் நிமிர்ந்துதான் நடந்தார். கூடப் போனவன் நான். அந்த நடையை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு விம்முகிறது.

யாரோ வந்து கெடுத்தார்கள். வேதத்தில் சாபச் சங்கீதம் ஒன்று உண்டு, எதிராளியின் பெயரைச் சேர்த்து நாற்பது நாள் வாசித்தால் அவன் வீடு விளங்காது என்றார்கள். ஏசுவடியான் தினமும் விடியற்காலையில் மாசிலாமணியின் வீட்டைப் பார்த்து நின்று வாசித்தார். ஒரு நாள் தவறவில்லை.

நாற்பதாம் நாள் மாசிலாமணி வீட்டுப் பசு இரட்டைக் கன்று போட்டது.

அன்றே உபதேசியாரிடம் போய் நின்றார்.

"ஆண்டவரு நீதியுள்ளவருன்னு சொல்லிக்குடுத்தீரே. எனக்கு எப்பம் தீர்ப்பு சொல்லுவாரு?"

"ஞாயித்துக்கிழமை கோயில் பக்கவாசல்ல நில்லுங்க அண்ணாச்சி. வெளிய போறவங்களுக்கு வழி விடணும்."

"இதுவா பதிலு?"

"நில்லுங்களேன்."

நின்றார். பாட்டு முடிந்தது. பிரசங்கமும் முடிந்தது. திருவிருந்து அப்பம் வாங்க அழைத்ததும் சபை எழுந்து பீடத்தை நோக்கிப் போனது. ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கமாக வந்தார்.

மாசிலாமணி.

ஏசுவடியானைக் கண்டதும் அவர் முகம் வெளிறிவிட்டது.

"கொஞ்சம் வழி..." என்றார், தரையைப் பார்த்தபடி.

ஏசுவடியான் ஒதுங்கி நின்றார். மாசிலாமணி செருப்பைப் போடக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார். பட்டு வேட்டி கட்டிய மனிதர், திருடனைப் போலப் போனார்.

ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு உபதேசியார் வந்தார்.

"எத்தனை நாளா இப்பிடிப் போறாரு?" என்று ஏசுவடியான் கேட்டார்.

"சத்தியம் பண்ணுன வாரத்துல இருந்து. அதுக்கப்புறம் அந்தக் கைய அப்பத்துக்கு நீட்டல."

ஏசுவடியான் வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குக் கோர்ட்டுல இருந்து வந்து என்ன செஞ்சீங்க அண்ணாச்சி?"

"என்ன செய்ய? கஞ்சியக் குடிச்சேன். படுத்தேன்."

"தூக்கம் வந்துச்சா?"

"ஏன் வராது? நான் பொய் சொல்லலியே. விடிஞ்சதுகூடத் தெரியல."

"இந்த நாப்பது நாளா?"

ஏசுவடியான் கண்ணைக் கசக்கிக்கொண்டார். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

"தீர்ப்பு அன்னைக்கே வந்துட்டு அண்ணாச்சி," என்றார் உபதேசியார். "ஜெயிச்ச ஆளே அப்பீலுக்குப் போறத நான் இங்கதான் பாக்கேன்."