பிரதானியின் மீசையும் புதுச் சவுக்காரமும்

கொன்றைக்கோட்டை ராஜா வீரசிங்கருக்கு வெளியே எதிரி என்று யாரும் கிடையாது. அவருடைய கன்னம்தான் அவருக்கு எதிரி. சவரக் கத்தி பட்டால் போதும், தடித்துச் சிவந்து எரியும். பயற்றமாவைக் குழைத்துப் பூசினார்கள். வெண்ணெய் தடவினார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. சவர நாளில் ராஜாவின் எதிரே வர பட்டத்து யானைகூட யோசிக்கும்.

அப்போதுதான் துறைமுகத்திலிருந்து ஒரு வியாபாரி வந்தான். சந்தன வாசனையோடு வட்டமாக ஒரு சவுக்காரக் கட்டியும், தடித்த தூரிகை ஒன்றும் கொண்டுவந்தான். தூரிகையை நனைத்துக் கட்டியில் சுழற்றினால் நுரை பொங்குமாம். அதை முகத்தில் அப்பிக்கொண்டால் கத்தி போவதே தெரியாதாம்.

ராஜாவுக்கு நாக்கில் எச்சில் ஊறாத குறை. ஆனால் புதுச் சரக்கை எடுத்த எடுப்பில் அரச கன்னத்தில் பூசலாமா? முதலில் வேறு யாராவது சோதித்துப் பார்க்க வேண்டும்.

பிரதானி கோதண்டராயர் எழுந்தார். எழுந்தவுடன் மீசையை முறுக்கினார். விளக்கெண்ணெய் ஊற்றி வளர்த்த மீசை அது. "பிரதானியார் வருமுன்னே அவர் மீசை சபைக்கு வந்துவிடுகிறது" என்று போன வாரம்தான் அவைப் புலவர் ஏகாம்பரம் சொல்லி, சபையே சிரித்திருந்தது. அந்தச் சிரிப்பு பிரதானியின் காதைவிட்டு இன்னும் போகவில்லை.

"அரசே, அடர்ந்த முடியில் சோதித்தால்தானே சரக்கின் தரம் தெரியும்? நம் ஏகாம்பரத்தின் தாடியைப் பாருங்கள். காடு!"

ஏகாம்பரத்துக்குத் திக்கென்றது. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து அவர் மனைவி அலர்மேலு இப்போதுதான் முழுகாமல் இருந்தாள். பிள்ளை பிறக்கும்வரை புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது என்பது வழக்கம். அதற்காக வளர்ந்த தாடி அது.

"அரசே, வீட்டில் மாசமாக இருக்கிறாள்..." என்று இழுத்தார்.

"அரசருடைய கன்னத்தைவிட உம்ம வீட்டு வழக்கம் பெரிசோ?" என்றார் பிரதானி.

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. ராஜாவின் முகம் கறுத்தது.

"ஏகாம்பரம், நாளைக் காலை சபையில் எல்லார் முன்னிலையிலும் இந்தச் சவுக்காரம் போட்டு நீ சவரம் செய். எரிகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவேண்டும்."

"யாரும் மறுக்கக்கூடாது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள் அரசே" என்று பிரதானி எடுத்துக் கொடுத்தார்.

"சரி. மறுப்பவர் யாராக இருந்தாலும் கோட்டையைவிட்டு வெளியேற வேண்டியதுதான்."

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் அலர்மேலு வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். "நாட்டை விட்டே போயிடலாங்க. எனக்கு இந்தப் பிள்ளை வேணும்."

அவள் கண் கலங்கிவிட்டது. அன்று ஏகாம்பரத்துக்குச் சோறு இறங்கவில்லை. ராஜா சொன்ன வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். திடீரென்று சிரித்தார். பிறகு இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் சபையில் கிண்ணம், தூரிகை, கத்தி எல்லாம் தயாராக இருந்தன. ஏகாம்பரம் தூரிகையை நனைத்துச் சுழற்றினார். நுரை பாற்சோறு போலப் பொங்கியது. சபை முழுக்கச் சந்தன வாசனை. கிண்ணத்தோடு நேராகப் போனார். பிரதானி சுதாரிப்பதற்குள் அவர் மீசையின்மேல் நுரையை அப்பிவிட்டார்.

"அடேய்! என்ன செய்கிறாய்?"

"சவரம் செய்கிறேன். 'நீ சவரம் செய்' என்பதுதானே கட்டளை? 'செய்துகொள்' என்று அரசர் சொல்லவில்லையே. சமையல்காரனைச் சமையல் செய் என்றால் அவனையே அடுப்பில் ஏற்றுவதா அர்த்தம்?"

சபை வாயைப் பொத்திக்கொண்டது. ராஜா ஒரு கணம் யோசித்தார். அப்படித்தான் சொல்லியிருந்தார்.

"சரி, ஏன் பிரதானி?" என்றார்.

"அரச கன்னத்துக்கு அடுத்தபடியாக இந்த ராஜ்யத்தில் மதிப்புள்ள கன்னம் வேறு எது அரசே?"

ராஜா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "பிரதானி, எரிகிறதா?"

"குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது, ஆனால்..."

ஏகாம்பரம் கத்தியைக் கையில் எடுத்தார். பிறந்ததிலிருந்து எழுத்தாணியைத் தவிர வேறெதையும் பிடித்தறியாத கை. கத்தி ஆடியது. பிரதானியின் கண் பிதுங்கியது.

"முடியாது! முடியாது!" என்று அலறினார்.

அலறிக்கொண்டிருக்கும்போதே வலப்பக்க மீசை முழுசாகக் கத்தியோடு வந்துவிட்டது. கன்னத்தில் கீறல்கூட இல்லை. சவுக்காரம் அவ்வளவு நல்ல சவுக்காரம்.

ஆனால் ராஜாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "பிரதானி! முடியாது என்றா சொன்னீர்? மறுப்பவருக்கு என்ன தண்டனை என்று நேற்று நீர்தானே சொல்ல வைத்தீர்?"

கோதண்டராயருக்கு வெலவெலத்துவிட்டது. அவருக்கும் வீடு, மனைவி, மக்கள் எல்லாம் கோட்டைக்குள்தானே? பாதி மீசையோடு அவர் திருதிருவென்று விழித்ததைப் பார்க்க ஏகாம்பரத்துக்கே பாவமாகிவிட்டது. வழித்த முடியை நுரையோடு எடுத்துப் பிரதானியின் உள்ளங்கையில் வைத்தார்.

"அரசே, பிரதானியார் மறுக்கவே இல்லை. என்னிடம் செந்தமிழில் ஒரு கேள்வி கேட்டார். 'முடி யாது? முடி யாது?' என்றார். இதுதான் என்று எடுத்துக் கொடுத்துவிட்டேன்."

ராஜா சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஏகாம்பரத்தின் கழுத்தில் போட்டார். பிள்ளை பிறக்கும்வரை அந்தத் தாடிப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று உத்தரவும் போட்டார்.

"அப்புறம் பிரதானி, வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?"

கோதண்டராயர் மறுபேச்சுப் பேசாமல் மறு கன்னத்தைத் திருப்பிக் காட்டினார்.