விளக்கு வைக்கிற நேரத்துச் சுரைப்பூ

ஒரு ஊர்ல ஒரு சீரங்காயி இருந்தா. அவ கொல்லையில ஒரு சுரைக்கொடி. காய் வெண்ணெய் மாதிரி வேகும். அவ அம்மா கல்யாணத்துக்குக் குடுத்த விதை. தன் மக நாச்சம்மாளுக்கும் அதையே குடுத்தனுப்பணும்னு ஆசை. ம் சொல்லு!

ஆனா வேலிக்கு அந்தப் பக்கம் பேய்ச்சுரை காடா கிடந்துச்சு. ஒரே கசப்பு. அந்தப் பூவுத் தூளு இந்தப் பூவுல பட்டா விதை கெட்டுப்போகும். அதனால விதைக்குன்னு ஒரு பிஞ்சை வச்சு, அதோட மொட்டுல துணி சுத்திட்டா. விரிஞ்சதும் தன் கொடி ஆண்பூவை அவளே தொட்டு வச்சுக் கட்டிடுவா.

அப்போ பொழுது சாய, படபடபடன்னு ஒரு அந்துப்பூச்சி வந்துச்சு.

"அக்கா, பசிக்குது. திற."

"மொட்டு இன்னும் விரியல, போ!"

மறுநா தூறல். பொத்து பொத்துன்னு நனைஞ்சு வந்துச்சு.

"அக்கா, குளிருது. ஒதுங்கிக்கிறேன்."

"வாழையிலைக்கு அடியில ஒதுங்கு, போ!"

அப்புறம் மூணாம் நா. பூ விரிஞ்சிருச்சு. விளக்கை ஏத்தி, வாசக்கதவைத் திறந்து வச்சுட்டுக் கொல்லைக்கு வந்தா சீரங்காயி.

"அக்கா, விளக்கு வைக்கிற நேரத்துல வந்தவங்க மூஞ்சியில கதவைச் சாத்துவாங்களா?"

பாவம், அவளுக்கு மனசு கேக்கல. துணியை அவுத்துட்டா. பூச்சி உள்ள போச்சு. அதோட ரெக்கையெல்லாம் பேய்ச்சுரைத் தூளு. தூங்கிட்டியா? ம்...

காய் அதே மாதிரிதான் காய்ச்சுது. காஞ்சதும் கலகலன்னு விதை. பாதியைக் கல்யாணமாகிப் போற நாச்சம்மா மடியில கட்டிவிட்டா, மீதியைத் தன் கொல்லையில ஊனினா.

அப்புறம் நாச்சம்மா வீட்டுல அந்த விதை முளைச்சுக் காய்ச்ச காயில மொதக் கூட்டு. மாமியா வாயில வச்சா. "து! து! இதாண்டி உங்கம்மா குடுத்த சீரு?"

நாச்சம்மா அழுதுக்கிட்டே ஓடியாந்தா. "அம்மா, பழைய விதை நாலு இருந்தாக் குடும்மா!"

"எல்லாத்தையும் ஊனிட்டேனே கண்ணு. என் கொடியும் இப்பக் கசக்குது."

"யாரும்மா பூவைத் தொட்டது?"

"நாந்தாண்டி திறந்துவிட்டேன்."

நாச்சம்மா அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா.

அதுலேருந்து சீரங்காயி அந்தக் கசப்புக் கொடிக்கே துணி கட்டுறா. வருஷா வருஷம் ஊனி, கசக்காத காய் ஒண்ணாவது வராதான்னு ஒவ்வொரு காயையும் நுனிநாக்குல வச்சுப் பாக்குறா. து!

பூச்சி இன்னமும் வருது. "அக்கா, திற."

"வீட்டுவாசல் திறந்துதான் கிடக்கு, அங்க போய் உக்காரு," அப்பிடின்னுட்டு, துணி முடிச்சை இன்னொரு தடவை இறுக்குறா.

கதை கொடியேறிப் போச்சு. கண்ணை மூடு, தங்கம்.