கொன்றை பேன் பார்த்த கை

ஒரு காட்டில் குரங்குக் கூட்டம் ஒன்று இருந்தது. குரங்கு என்றால் சேட்டைதான், உங்களுக்குச் சொல்லவா வேண்டும்! ஆனால் உச்சிவெயில் நேரத்தில் மட்டும் எல்லாம் ஆலமரத்தடியில் சமர்த்தாக உட்கார்ந்து, ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும். யாருக்கு யார் பேன் பார்க்கிறார்களோ அவர்கள்தான் கூட்டாளிகள்.

தவிடன் என்ற குட்டிக்கு மட்டும் அங்கே யாரும் பேன் பார்ப்பதில்லை. பாவம், அவனுக்குத் தோலில் ஒரு நோய். முதுகில் திட்டுத்திட்டாக முடி கொட்டியிருந்தது.

"கிட்டே போகாதீர்கள்! தொட்டால் ஒட்டிக்கொள்ளும்!" என்றான் மிடுக்கன். குட்டிகளில் அவன்தான் பெரியவன், வாயும் நீளம். அவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவராவது கேட்க வேண்டாமா? கேட்கவில்லையே!

கொன்றை என்ற பெண்குட்டி மட்டும் தினமும் ஓடைக்கரையில் தவிடனுக்குப் பேன் பார்த்துவிட்டுத்தான் ஆலமரத்துக்கு வருவாள்.

"யாரிடமும் சொல்லிவிடாதே கொன்றை. உன்னையும் ஒதுக்கிவிடுவார்கள்" என்று தவிடன் கெஞ்சுவான். அவளும் சொல்லவில்லை.

ஒருநாள் மாலை பெருமழை பிடித்துக்கொண்டது. குட்டிகள் எல்லாம் ஒரே கிளையில் நெருங்கி உட்கார்ந்து குளிரைத் தாங்கின. தவிடன் நடுங்கிக்கொண்டே வந்தான்.

"இங்கே வராதே! வேறு மரம் பார்!" என்று மிடுக்கன் விரட்டினான்.

"தனியாக இருந்தால் சிறுத்தை பிடித்துவிடுமே..."

"அதற்கு நாங்கள் என்ன செய்வது?"

தவிடன் திரும்பி மழையில் இறங்கினான். கொன்றைக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"மிடுக்கா, தொட்டால் நிச்சயம் ஒட்டுமா?"

"நிச்சயம்!"

"தொட்ட கையால் இன்னொருவரைத் தொட்டால்?"

"அவருக்கும் ஒட்டும்!"

"ஐயையோ, அப்படியானால் நீ தொலைந்தாய்! கோடையிலிருந்து அவன் முதுகைத் தொட்ட கையோடுதான் உனக்குப் பேன் பார்க்கிறேன். தினமும் முதல் ஆளாக வந்து தலையைக் குனிகிறவன் நீதானே?"

மிடுக்கனுக்கு உடனே உடம்பெல்லாம் அரித்தது. "எங்கே கொட்டியிருக்கிறது? பாருங்களடா, பாருங்கள்!" என்று அலறினான். குட்டிகள் அவன் முடியை விலக்கி விலக்கித் தேடின. காது முதல் வால்வரை ஒரு திட்டுகூட இல்லை.

"அப்படியானால் ஒட்டாதா?" என்றது ஒரு குட்டி. எல்லாரும் மிடுக்கனைப் பார்த்தார்கள். அவன் முகம் தொங்கிப்போயிற்று. விறுவிறுவென்று இறங்கி மழைக்குள் ஓடினான்.

"வாடா தவிடா. தப்பு என்னுடையதுதான். வந்து நடுவில் உட்கார், அங்கேதான் கதகதப்பாக இருக்கும்."

மறுநாள் உச்சிவெயிலில் மிடுக்கன் கொன்றையிடம் போகவில்லை. நேரே தவிடனுக்கு முன்னால் வந்து தலையைக் குனிந்தான்.

"நிஜமாகவா? நான் தொடலாமா?" என்று கேட்டான் தவிடன். மெல்லக் கையை நீட்டினான்.

"தொடேன்! காதுக்குப் பின்னால்தான் ரொம்ப அரிக்கிறது."

தவிடன் முதுகில் முடி இன்னும் முளைக்கவில்லை. ஆனாலும் அவன் குனிந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரு குட்டி வந்து உட்கார்ந்து அவன் முதுகில் பேன் பார்க்கத் தொடங்கியது.

நீதி: நோயுள்ள தோழரை ஒதுக்கி வைக்காதீர்கள், நோயைவிட அதுதான் அவருக்கு அதிகம் வலிக்கும்.