கண்ணாடிப் பெட்டிக்குள் வெக்கை

கரூரில் கேம் சென்டர் நடத்திய சங்கிலிராஜனுக்குத் தன் பழைய கம்ப்யூட்டர்மேல் அப்படியொரு பாசம். தூசி படக்கூடாதென்று அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார். அதுவோ விளையாட்டின் நடுவே தானாக அணைந்து அணைந்து எழுந்தது.

"சாயங்காலம் போட்டி இருக்கு. பெட்டியைத் திறக்காமயே சரிபண்ணு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே" என்றார், கடையைப் பார்த்துக்கொள்ளும் பிலோமினாவிடம்.

உள்ளே காற்றுப் போக வழியில்லை என்று அவள் பலமுறை சொல்லியும் அவர் கேட்டதில்லை.

"சரிங்க சார். கதவைச் சாத்திட்டு உங்க ரூம்ல கொஞ்சம் உட்காருங்க. காரணத்தைக் காட்டுறேன்."

அவர் உள்ளே போனதும், வெளியே இருந்த ஏசி சுவிட்சை அணைத்தாள். ஜன்னல் இல்லாத அறை. சற்று நேரத்தில் சட்டை நனைய ஓடி வந்தார்.

"ஆளைக் கொல்லப் பாக்குறியா?"

"வெக்கை தாங்கலேன்னா எழுந்து வர உங்களுக்குக் கால் இருக்குங்க சார். அதுக்கு இல்லையே. அதான் அணைஞ்சுடுது."

சங்கிலிராஜன் முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். அவரே பூட்டைத் திறந்தார். உள்விசிறியில் வெகுநாளாக அடைந்திருந்த அழுக்கை அவள் துடைத்தெடுத்து, பெட்டியைத் திறந்தே வைத்தாள்.

போட்டி முடியும்வரை கம்ப்யூட்டர் ஒருமுறைகூட அணையவில்லை. எல்லோர் முன்னாலும் அவர் கைகூப்பினார்.

"என் மானத்தைக் காப்பாத்திட்ட கண்ணு. ரொம்ப நன்றி."

"அப்போ நாளைக்கு வேலைக்கு வரலாங்களா சார்?" என்றாள் பிலோமினா.