கிணத்துக்குள்ள இருந்து ஒரு ம்

ஒரு ஊர்ல ஒரு அவசரக்காரி இருந்தா. பேரு ஆவுடைத்தாயி. சோறு வேகுறதுக்குள்ள மூணு தரம் மூடியைத் திறந்து பார்ப்பா, அப்படி ஒருத்தி. ம் சொல்லுட்டி, அப்பத்தான் கதை நகரும்.

ம்.

அவ புருஷன் சங்கிலிமாடன். கிணறு தூர் வாருறவன், எதையும் நின்னு நிதானமாத்தான் செய்வான். ரெண்டு பேருக்கும் புள்ளை இல்லை. தாயில்லாத ஆட்டுக்குட்டி ஒண்ணை அவ புட்டிப்பால் குடுத்து வளர்த்தா. ஒருநாள் அது துள்ளுன துள்ளுல, தண்ணி வத்துன பழைய கிணத்துக்குள்ள தொபுக்குன்னு விழுந்துருச்சு. நல்லவேளை, பாதி ஆழத்துல நீட்டிட்டிருந்த கல்படியில நின்னுக்கிச்சு. ம்மே, ம்மேன்னு கத்துது. கால் சறுக்குனா அவ்வளவுதான்.

ஆவுடை சேலையை வரிஞ்சு கட்டிட்டா.

"நில்லு ஏளா. விளக்கு சொல்லட்டும்"னான்.

"போன வருஷம் நீங்க இதுல இறங்கி வாளி எடுக்கலையாக்கும்?"

"போன வருஷம் வேற. இந்தக் கோடையில புங்கமரம் இலை மொத்தத்தையும் உள்ள கொட்டிருச்சு. இப்ப மழையில ஊறிக் கிடக்கு. இலை மக்கும்போது மூச்சு விடும், நாம வெளிய விடுற அதே மூச்சு. கனமான காத்து, அடியிலயே தேங்கி நிக்கும். அதுல விளக்கும் எரியாது, ஆளும் பிழைக்காது."

அப்போ வாளியில விளக்கை வெச்சு இறக்குனான். குட்டிக்கு ஒரு முழம் கீழ போனதும் பொசுக்குன்னு அணைஞ்சுது. அப்புறம் கயித்துல தழையைக் கட்டி, சர்ரு சர்ருன்னு மேலயும் கீழயுமா இழுத்துக் காத்தைக் கலக்குனான். திரும்ப விளக்கு. திரும்பப் பொசுக். ஆவுடைக்கு இருப்புக் கொள்ளலை, கிணத்தைச் சுத்திச் சுத்தி வர்றா. குட்டி சத்தம் குறைஞ்சுக்கிட்டே போகுது. அப்புறம் குடங்குடமாத் தண்ணியை வீசி ஊத்தி, மறுபடி கலக்கி, மூணாவது விளக்கு. கல்படி தாண்டி ரெண்டு முழம் நின்னு எரிஞ்சுது.

மேல நின்னு இழுக்குற தெம்பு அவனுக்குத்தான், அதனால அவ இடுப்புல கயித்தைக் கட்டினான். "படிக்குக் கீழ போகாத. நான் கூப்பிடக் கூப்பிட ம் சொல்லணும். ம் நின்னா இழுத்துருவேன்."

"ஆவுடை."

"ம்."

"ஆவுடை."

"ம்." நீயும் சொல்லுட்டி.

ம்...

அவளைப் பார்த்த சந்தோஷத்துல குட்டி ஒரு துள்ளு துள்ளுச்சு, சறுக்கிருச்சு. இவ யோசிச்சாளா? அது சருகு மேல விழவும் இவளும் பின்னாடியே இறங்கிட்டா. குட்டியை அள்ளிட்டா. அப்போ நெஞ்சை யாரோ மிதிக்குற மாதிரி இருந்துச்சு, கண்ணு இருண்டுச்சு. மேலருந்து "ஆவுடை"ன்னு கேக்குது. ம் சொல்ல வாய் வரலை.

கண்ணைத் திறந்தா புங்கமரத்தடியில கிடக்கா. குட்டி அவ நெஞ்சுல ஒட்டிக்கிட்டுப் புர்ரு புர்ருன்னு தும்முது. சங்கிலிமாடன் உள்ளங்கையெல்லாம் கயிறு அறுத்து ரத்தம். பதறாத மனுஷன் பதறிப்போய், "ஆவுடை, ஆவுடை"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கான்.

"ம்"னா.

அவன் அப்படியே தரையில உட்கார்ந்து அழுதுட்டான்.

அப்புறம் அந்தக் காத்து எங்க போச்சு? மேல வந்ததைப் புங்கமரம் குடிச்சுது. குடிச்சுக் கொழுந்து விட்டுது. கொழுந்து இலையாகும், இலை சருகாகும், சருகு கிணத்துல விழும், மழை வந்தா மறுபடி மூச்சு விடும். அதுக்கு ஓய்வே கிடையாது. ஆவுடைக்கும்தான். ஆனா அன்னையிலருந்து அவன் எங்க நின்னு கூப்பிட்டாலும், கைவேலையைப் போட்டுட்டு முதல்ல ம் சொல்லுவா.

கதை கரையேறிருச்சு. ஏட்டி?

ம்மைக் காணோமே. மூச்சு வருது, சூடா வருது. சரி, தூங்கு.